ஊசிக்கு முன்னே ஒரு வார்த்தை

கிருமிக்கொல்லி மருந்துகளைப் பற்றித் தம்பதிகள் அறிய வேண்டியவை



வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் நாம் முதலில் சொல்லும் வார்த்தை, "ஒரு ஊசி போட்டா சரியாப் போயிடும்" என்பதுதான். ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. அது என்ன ஊசி, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று நாம் கேட்பதில்லை. நர்சம்மா கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சும்மா போடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வயலில் வேலை கிடக்கிறது என்ற அவசரம்.

அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. சரியான மருந்து சரியான ஆளுக்குப் போய்ச் சேர்வதில் பாதிப் பொறுப்பு செவிலியரின் கையில் உள்ளது. மீதிப் பாதி உங்கள் வாயில் உள்ளது. கணவனும் மனைவியும் சேர்ந்து இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கிருமிக்கொல்லி மருந்து என்றால் என்ன?

நோயைக் கொடுக்கும் கிருமிகளில் பல வகை உண்டு. முக்கியமானவை இரண்டு. ஒன்று பாக்டீரியா, மற்றொன்று வைரஸ். டாக்டர்கள் ஆன்டிபயாடிக் என்று சொல்லும் மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

சாதாரண சளி, மூக்கொழுகல், ஃபுளூ காய்ச்சல், டெங்கு, அம்மை இவையெல்லாம் வைரஸால் வருபவை. இவற்றுக்கு ஆன்டிபயாடிக் போட்டால் காசும் வீண், உடம்புக்கும் கெடுதல். நிமோனியா, டைபாய்டு, சிறுநீர்த் தாரையில் வரும் கிருமித் தொற்று, பிரசவத்துக்குப் பின் கருப்பையில் வரும் தொற்று, பிறந்த குழந்தையின் தொப்புளில் சீழ் வைப்பது போன்றவற்றுக்கு இந்த மருந்து உயிர் காக்கும்.

1928 ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற மருத்துவர் பென்சிலினைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு பிள்ளை பெற்ற தாய்மார் பலர் பிரசவக் காய்ச்சலில் இறந்துபோனார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதற்கு மருந்து உண்டு. இவ்வளவு பெரிய ஆயுதம் நம் கையில் இருப்பதால்தான் அதைக் கவனமாகக் கையாள வேண்டும். அரிவாள் நெல்லையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

செவிலியர் சரிபார்க்கும் ஐந்து

மருந்து கொடுப்பதற்கு முன் செவிலியர் ஐந்து விஷயங்களைச் சரிபார்க்கிறார். இது அவர் பயிற்சியிலேயே கற்ற பாடம்.

1. சரியான ஆள்தானா?
2. சரியான மருந்துதானா?
3. சரியான அளவா?
4. சரியான வழியா? வாய் வழியா, சதையிலா, நரம்பிலா?
5. சரியான நேரமா?

ஆகவே அவர் உங்கள் பெயரை இரண்டாம் முறை கேட்டால், "என்ன இந்தம்மா, இப்பத்தானே சொன்னேன்" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். பெயர், வயது, கணவர் பெயர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஊசிக் குழல் புதியதா, உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. "இது என்ன மருந்துங்கம்மா?" என்று கேட்பதும் உங்கள் உரிமை. நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் சொல்ல வேண்டிய ஐந்து

செவிலியர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்த ஐந்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முதலாவது, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் போன்றவை பங்காளிக் குடும்பம். சிலருக்கு அவையும் சேராது. "பத்து வருஷத்துக்கு முன்னாடி ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு, மயக்கமா வந்துச்சு" என்றால் அது சின்ன விஷயம் அல்ல. கட்டாயம் சொல்ல வேண்டும். சில இடங்களில் முதலில் தோலில் ஒரு சொட்டு மருந்து ஏற்றிப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும், பழைய கதையைச் சொல்லாமல் விடக்கூடாது.

இரண்டாவது, கர்ப்பமா? தீட்டு நாள் தள்ளிப் போயிருக்கிறதா? பால் கொடுக்கிறீர்களா? டெட்ராசைக்ளின் வகை மருந்து வயிற்றிலுள்ள குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். சிப்ரோஃபிளாக்சசின் போன்றவற்றையும் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அதற்கு மாற்றாக, கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்துகள் உண்டு. மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சில குடும்பங்களில் கர்ப்பத்தை மறைப்பது வழக்கம். ஊருக்கு மறையுங்கள், நர்சம்மாவுக்கு மறைக்காதீர்கள்.

மூன்றாவது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் மாத்திரைகள், இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள்.

நான்காவது, சிறுநீரகம், ஈரல், காது இவற்றில் கோளாறு உண்டா? வலிப்பு, ஆஸ்துமா உண்டா? பல மருந்துகள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. அது பழுதானால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். அளவைக் குறைக்க வேண்டி வரும். ஜென்டாமைசின் ஊசி அளவு மீறினால் காது கேட்கும் சக்தியையே கெடுத்துவிடும். ஊசி போடும் நாட்களில் காதில் இரைச்சல் வந்தாலோ, தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே சொல்லுங்கள்.

ஐந்தாவது, இந்தக் காய்ச்சலுக்கு ஏற்கனவே என்ன சாப்பிட்டீர்கள்? மருந்துக் கடையில் வாங்கி இரண்டு வேளை போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பாதி மருந்து சாப்பிட்டுவிட்டு ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்தால் கிருமி சரியாகத் தெரியாமல் போகலாம். திட்டுவார்களோ என்று பயப்படாதீர்கள். திட்டு வாங்கினாலும் உயிர் பிழைக்கலாம்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம்

ஊசி போட்டவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். ஒவ்வாமை கடுமையாக வருவதானால் பெரும்பாலும் சில நிமிஷங்களுக்குள், அல்லது ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மாத்திரை சாப்பிட்டாலும் இது வரலாம். அது சற்றுத் தாமதமாகத் தெரியும்.

ஆபத்தின் அறிகுறிகள் இவை:

– உள்ளங்கை, உள்ளங்கால், உடம்பு முழுவதும் அரிப்பு, திட்டுத் திட்டாகத் தடிப்பு
– உதடு, கண் இமை, நாக்கு வீங்குதல்
– தொண்டை அடைப்பது போல் இருத்தல், மூச்சுத் திணறல், இழுப்பு
– திடீர் வாந்தி, வயிற்று வலி
– குப்பென்று வியர்த்து, கண் இருட்டி, மயக்கம் வருதல்

இதில் எது தெரிந்தாலும் உரக்கக் கூப்பிடுங்கள். இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அதைத் தொடைச் சதையில் போடுவார்கள். ஒவ்வொரு நிமிஷமும் விலை மதிப்புள்ளது. அதனால்தான் சுகாதார நிலையத்திலேயே இருக்கச் சொல்கிறோம். வீட்டில் இருக்கும்போது நேர்ந்தால் 108 க்குப் போன் செய்யுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சு விட முடியாமல் திணறினால் சாய்ந்து உட்கார வையுங்கள். கர்ப்பிணியானால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். வாயில் சோடா, தண்ணீர், விபூதி எதுவும் போடாதீர்கள்.

தப்பித்த பிறகு ஒரு காரியம் பாக்கி. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டிலும், தாய் சேய் நல அட்டையிலும் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். கணவருக்கும் மருந்தின் பெயர் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். மனைவி மயங்கிக் கிடக்கும்போது அவர்தான் சொல்ல வேண்டியவர். மனைவிக்கும் அப்படியே.

வீட்டில் மாத்திரை சாப்பிடும்போது

மூன்று வேளை என்றால் காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு என்று நினைக்கிறோம். இந்த மருந்துகளில் மூன்று வேளை என்பது எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேளை என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்தவுடன் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரைகளைப் பாலோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையோடும், வயிற்றெரிச்சல் மருந்தோடும் அப்படித்தான். இந்த மாத்திரையை முதலில் சாப்பிட்டு, இரண்டு மணி நேரமாவது கழித்து மற்றதைச் சாப்பிடுங்கள். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். இல்லாவிட்டால் மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாகிவிடும்.

மருந்து சாப்பிடும் நாட்களில் லேசான வயிற்றுப் போக்கு வரலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். அதிகமானாலோ, ரத்தம் கலந்து போனாலோ சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தோலில் தடிப்பு வந்தால் அடுத்த வேளை மருந்தைச் சாப்பிடாமல் வந்து காட்டுங்கள்.

குழந்தைக்குக் கொடுக்கும்போது

குழந்தையின் மருந்து அளவு எடையைப் பொறுத்தது. வயதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணனுக்குக் கொடுத்த மருந்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

பாட்டிலில் பொடியாக வரும் மருந்தைக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கினதும் மீண்டும் கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே கொடுங்கள். கூடவே வரும் அளவு மூடியால் அளக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் ஒன்று போல் ஒன்று இருக்காது. கரைத்த மருந்து எத்தனை நாள் இருக்கும் என்பது லேபிளில் உண்டு. பலவற்றுக்கு ஏழு நாள்தான். மிஞ்சினால் அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

குழந்தைக்கு வயிற்றுப் போக்கு என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலும், செவிலியர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும் போதும். துத்தநாகத்தைப் போக்கு நின்ற பிறகும் சேர்த்து 14 நாள் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கணவருக்குத் தனியாகச் சில வார்த்தைகள்

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகவில்லை. மருந்தைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடுகிறது. அந்தக் கிருமி அவர் மனைவிக்கு ஒட்டுகிறது. மனைவிக்கு நிமோனியா வருகிறது. பென்சிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. அந்த அம்மாள் இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்டார். மருந்தை அலட்சியமாகச் சாப்பிட்ட கணவர்தான் என்று அவரே பதிலும் சொன்னார்.

அன்று அது கதை. இன்று அது நடக்கிறது. மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே கடைக்குப் போய், "தொண்டை வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும். சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதை மக்களுக்கு விளக்க, மத்திய சுகாதார அமைச்சகம் 2016 ஆம் ஆண்டு ஒரு பிரசாரத்தையே தொடங்கியது.

இன்னொன்று, சாராயம். வயிற்றுக் கடுப்புக்கும் வெள்ளைப் பாட்டுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடஸால் மாத்திரை சாப்பிடும் நாட்களிலும், முடிந்த பிறகு மூன்று நாளும் குடிக்கக் கூடாது. வாந்தி, முகம் சிவந்து எரிதல், படபடப்பு வரலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். "ஒரு கிளாஸ்தானே" என்ற பேச்சு வேண்டாம்.

மூன்றாவது விஷயம் கூச்சப்படுவது. மனைவிக்கு வெள்ளைப் படுதல், பிறப்புறுப்பில் புண், எரிச்சல் என்று டாக்டர் மருந்து கொடுத்து, கணவரையும் வரச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். வெள்ளைப் படுதல் எல்லாமே கணவரிடமிருந்து வருவதல்ல. ஆனால் உறவின் மூலம் ஒட்டும் நோயானால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட்டால்தான் தீரும். மனைவி மட்டும் சாப்பிட்டால் போன நோய் திரும்பி வரும். இருவருக்கும் குணமாகும் வரை சேர்க்கையைத் தவிர்க்க வேண்டும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் தாய்மார்களுக்கு

மாலா-என் போன்ற தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மருந்து தொடங்கினால் அந்த மாத்திரையை நம்பியிருக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் சக்தியைக் குறைத்துவிடும். அதை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். செவிலியரிடம் சொல்லி காப்பர்-டி அல்லது நிரோத் போன்ற வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்காகக் காசநோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அந்த மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது ரத்தம் அல்ல, பயப்பட வேண்டாம்.

அமாக்சிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்குகள் கருத்தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. ஆனால் வாந்தியோ கடும் வயிற்றுப் போக்கோ இருந்தால் மாத்திரை உடம்பில் சேராது. அந்த நாட்களிலும், சரியாகி ஒரு வாரம் வரையிலும் நிரோத் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரெண்டு நாளிலேயே காய்ச்சல் விட்டுப்போச்சு. மீதி மாத்திரை எதுக்கு?

பதில்: காய்ச்சல் விட்டது கிருமி குறைந்ததற்கு அடையாளம், அது ஒழிந்ததற்கு அடையாளம் அல்ல. களை பாதி பிடுங்கி விட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நிறுத்துவதானால் அவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: பால் கொடுக்கிறேன். மருந்து சாப்பிட்டால் பாலை நிறுத்தணுமா?

பதில்: வழக்கமாகக் கொடுக்கும் பெரும்பாலான மருந்துகளுக்கு நிறுத்த வேண்டியதில்லை. பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்ற மருந்தையே கொடுப்பார்கள். குழந்தைக்கு வயிற்றுப் போக்கோ, வாயில் வெள்ளை மாவு போலவோ வந்தால் காட்டுங்கள்.

கேள்வி: ஊசிதானே மாத்திரையை விட உசத்தி?

பதில்: இல்லை. வாயால் சாப்பிட முடிந்தவருக்கு, சரியான மாத்திரை ஊசிக்குக் குறைந்ததல்ல. வாந்தி நிற்காதபோதும், நோய் கடுமையாக உள்ளபோதும், மாத்திரையாகக் கிடைக்காத மருந்து தேவைப்படும்போதும்தான் ஊசி வேண்டும். தேவையில்லாத ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: மிஞ்சின மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அவர் நோய் வேறு, உடம்பு வேறு. அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் நீங்கள் கொடுத்த உதவியே அவருக்கு வினையாகிவிடும். கோழிக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள். கிணற்றிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். மிச்சத்தை என்ன செய்வது என்று கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

மறவாதீர்கள்

1. மருந்துக்கு முன்னே ஒவ்வாமை, கர்ப்பம், மற்ற மருந்து, பழைய நோய், ஏற்கனவே சாப்பிட்டது ஆகிய ஐந்தையும் சொல்லுங்கள்.
2. ஊசிக்குப் பின்னே அரை மணி நேரம் காத்திருங்கள்.
3. சொன்ன அளவு, சொன்ன நேரம், சொன்ன நாள்.
4. சீட்டு இல்லாமல் சிவப்புக் கோடு அட்டை வாங்காதீர்கள்.
5. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இந்தத் தாளைத் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

நர்சம்மாவிடம் நாலு வார்த்தை. நம் குடும்பத்துக்கு நல்ல காவல்!